சாணம் விழும் இடம்

நாமக்கல் சமவெளியில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் சொச்சம் மழை பெய்கிறது. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேலுள்ள ஊர்களுக்குப் போனால் மழை 1,000 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். இந்த வித்தியாசம் மலைவாசிகளுக்குப் புதிதில்லை. பருவநிலைக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இது முக்கியமான எல்லைக்கோடு. ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டுப் பருவநிலைக் குழு 2019இல் தன் வழிகாட்டியைத் திருத்தியபோது, வெப்பமண்டலத்தில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இடங்களை ஈரப் பகுதி என்றும், குறைவாகப் பெறுபவற்றை வறண்ட பகுதி என்றும் பிரித்தது. மேய்ச்சல் நிலத்தில் மாடு போடும் சாணத்திலும் மூத்திரத்திலும் இருக்கும் ஒவ்வொரு கிலோ நைட்ரஜனுக்கும், வறண்ட பகுதியில் 2 கிராம் நைட்ரஜனும் ஈரப் பகுதியில் 6 கிராமும் நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலப்பதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்த வழிகாட்டி. அடிவாரத்தில் மேய்ந்த மாட்டை மலையேற்றினால் அதே சாணத்தின் வாயு மும்மடங்காகிவிடும். தாளில் இப்படித்தான் வரும்.

நைட்ரஸ் ஆக்சைடைப் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு. கரியமில வாயுவும் மீத்தேனும் செய்தித்தாளுக்கு வந்துவிட்டன, இது வரவில்லை. வளிமண்டலத்தில் நூறாண்டுக்கு மேல் தங்கும் வாயு இது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மாட்டுச் சாணத்திலிருந்து வரும் மீத்தேன் கிலோவுக்கு 27தான். ஆகவே மேய்ச்சல் நிலத்துச் சாணத்தில் சிறிதளவு நைட்ரஜன் எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்து மொத்தக் கணக்கும் மாறுகிறது.

அந்த வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாடு தின்ற புல்லில் இருந்த நைட்ரஜனில் ஒரு பங்கே பாலாகவும் சதையாகவும் தங்குகிறது. பெரும்பகுதி வெளியே வருகிறது. நல்ல புரதத் தீவனம் தின்கிற மாட்டுக்கு அதில் பாதிக்கும் மேல் மூத்திரத்தில் யூரியாவாகப் போகும். மூத்திரம் விழுந்த சில மணி நேரத்தில் மண்ணின் நொதிகள் அந்த யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன. மூக்கில் ஏறும் அந்த நெடியாகக் கொஞ்சம் பறந்துவிடும். மீதியை மண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றும்போது ஓரளவு நைட்ரஸ் ஆக்சைடு கசியும். பிறகு மழை பெய்து மண்ணின் துளைகள் நீரால் நிறைந்து காற்று குறையும்போது, வேறு வகை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிக்கின்றன. அங்கேதான் நைட்ரஸ் ஆக்சைடு அதிகம் பிறக்கிறது. மண் முழுக்கச் சேறாகிவிட்டால் அதுவும் மேலும் உடைந்து, தீங்கில்லாத நைட்ரஜன் வாயுவாகிவிடும். பாதி ஈரமான மண்தான் ஆபத்தானது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கிற மலையில் அந்தப் பாதி ஈரம் பல மாதம் நீடிக்கும்.

சாணத்தின் கதை வேறு. அதில் நைட்ரஜன் பெரும்பாலும் செரிக்காத நாரோடு பிணைந்திருப்பதால் மெதுவாகத்தான் வெளிவரும். புதுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நீர். உள்ளே காற்று புகாததால் முதல் சில நாள்கள் மீத்தேன் வருகிறது. வெயில் பட்டு மேல்பொருக்கு உலர்ந்ததும் அது அடங்கிவிடும். காய்ந்த புல்லும் சாமைத் தாளும் தின்று வளரும் நாட்டு மாட்டின் சாணத்தில் மீத்தேனாக மாறக்கூடிய பொருளே குறைவு. ஐ.பி.சி.சி.யின் 2006 அட்டவணையில் கறவையல்லாத இந்திய மாட்டுச் சாணத்தின் மீத்தேன் திறன், திடப்பொருள் கிலோவுக்கு 0.10 கன மீட்டர். வட அமெரிக்கக் கறவை மாட்டுக்கு 0.24.

இந்த எண்களை வைத்து ஒரு மாட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலையில் மேயும் நாட்டு மாடு, எடை 200 கிலோ என்று கொள்வோம். ஐ.பி.சி.சி.யின் இந்தியத் துணைக்கண்ட அளவுகளின்படி அது ஆண்டுக்குச் சுமார் 25 கிலோ நைட்ரஜனைக் கழிக்கும். அத்தனையும் மேய்ச்சல் நிலத்தில் விழுந்தால், ஈரப் பகுதிக் காரணியான 6 கிராமின்படி வரும் நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 64 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடு. சாணத்தின் மீத்தேன் எந்தக் காரணியைப் பயன்படுத்தினாலும் 8 முதல் 25 கிலோவுக்குள் அடங்கிவிடும். அசைபோடும்போது அதே மாடு ஏப்பத்தில் விடும் மீத்தேன் ஆண்டுக்கு 27 கிலோ, அதாவது 729 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடு. மேய்ச்சல் நிலத்தில் விழும் சாணமும் மூத்திரமும் நேரடியாகத் தரும் வாயு, ஏப்பத்தோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. இந்திய அரசு ஐ.நா.வுக்கு அளித்த 2016ஆம் ஆண்டுக் கணக்கிலும் இதே சாயல் தெரிகிறது. வேளாண்துறையின் மொத்த வாயுவில் கால்நடைகளின் செரிமானம் 54.6 விழுக்காடு, எரு மேலாண்மை 6.7 விழுக்காடு.

2006ஆம் ஆண்டு ஐ.பி.சி.சி. வழிகாட்டியில் மேய்ச்சல் சாணத்தின் நைட்ரஸ் ஆக்சைடுக் காரணி எல்லா ஊருக்கும் 20 கிராமாக இருந்தது. ஈரம், வறட்சி என்ற பிரிவே இல்லை. அதன்படி நம் மலைமாட்டின் 64 கிலோ 214 கிலோவாகக் கணக்கில் ஏறியிருக்கும். அந்த 20 கிராம் பெரும்பாலும் ஐரோப்பா, நியூசிலாந்து போன்ற இடங்களில், செழிப்பான புல்வெளியில், புரதம் மிகுந்த தீவனம் தின்ற மாடுகளை வைத்துச் செய்த அளவீடுகளிலிருந்து வந்தது. பிறகு கென்யாவில் பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வாயுவைப் பிடிக்கும் மூடு கலங்களைப் புல்வெளியில் வைத்து நேராக அளந்தபோது, அங்கே மேயும் மாடுகளின் சாணமும் மூத்திரமும் விடும் நைட்ரஸ் ஆக்சைடு வழிகாட்டி சொன்னதைவிட மிகக் குறைவாக இருந்தது. சத்துக் குறைந்த தீவனம் தின்கிற மாட்டின் மூத்திரத்தில் யூரியாவே குறைவு என்பது முக்கிய காரணம். இப்படி வெவ்வேறு நாடுகளிலிருந்து அளவீடுகள் சேர்ந்த பிறகே 2019இல் காரணி சராசரி 4 கிராமாகக் குறைந்தது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடு மட்டும் 19 கோடிக்கு மேல். ஒரு எண் ஐந்தில் ஒன்றாகக் குறையும்போது ஒரு நாட்டின் தலையில் ஏற்றப்பட்ட பழியும் எவ்வளவு குறைகிறது என்று எண்ணிப் பாருங்கள். நேரில் அளப்பது எளியவர்களுக்குச் செய்யும் நீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தன் வேளாண்மையிலிருந்தே நாட்டின் வாயுவில் ஏறத்தாழப் பாதியை வெளியிடும் நியூசிலாந்து இதைச் செய்து காட்டியிருக்கிறது. மூத்திரத்துக்கு ஒரு காரணி, சாணத்துக்கு ஒரு காரணி, மலைச்சரிவுக்குத் தனிக் காரணி என்று அங்கே பிரித்துக் கணக்கிடுகிறார்கள். சரிவில் மண் மெல்லியது, நீர் நிற்காது, ஆடு மாடுகள் படுத்திளைப்பாறச் சமதரை தேடிப் போய்விடும். ஆகவே சரிவில் கழிவும் குறைவு, வாயுவும் குறைவு. கொல்லிமலைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. மேட்டுக்காட்டுச் சரிவு வேறு, பள்ளத்து வயல் வேறு, மந்தை அடையும் திட்டு வேறு. மூன்றுக்கும் 6 கிராம் என்று ஒரே எண்ணை எழுதுவது சரியாகாது.

சரிவு இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. மழை கழுவிச் செல்லும் நைட்ரேட் ஓடைகளில் இறங்கி, ஐயாற்றில் சேர்ந்து, ஆகாய கங்கையாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் போகிறது. போகிற வழியில் அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகும். அம்மோனியாவாகப் பறந்தது வேறெங்கோ மழையோடு விழுந்து அங்கே வாயுவாகும். இந்த மறைமுகக் கணக்கு, ஐ.பி.சி.சி. அளவுகளின்படி, நம் ஒரு மாட்டுக்கு 60 கிலோ வரை வருகிறது. நேரடிக் கணக்குக்கு ஏறத்தாழ இணையான தொகை. மேய்ச்சல் நிலத்தைப் பற்றிய பொதுப் பேச்சில் இது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

சாணி வண்டுகளையும் விட்டுவிட முடியாது. பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வண்டு குடைந்த சாணத்திலிருந்து மீத்தேன் குறைந்தது, நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடியது. வண்டு துளையிட்டுக் காற்றை உள்ளே விடுவதால் இரண்டும் நடக்கின்றன. வண்டு சாணத்தை மண்ணுக்குள் இழுத்துச் செல்வதால் நைட்ரஜன் பறந்து போகாமல் வேருக்கு எட்டுகிறது என்ற பயன் தனி. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் போன்ற ஒட்டுண்ணி மருந்துகள் சாணத்தோடு வெளியேறி வண்டுப் புழுக்களைக் கொல்கின்றன. மேய்ச்சலுக்குப் போகும் மாட்டுக்கு இந்த ஊசியை எப்போது, எவ்வளவு போடுவது என்பதில் கால்நடை மருத்துவர்கள் காட்டும் கவனம் மேய்ச்சல் காட்டின் மண் வரைக்கும் போய்ச் சேரும்.

இதுவரை பேசியது பகலில் சிதறி விழும் சாணம். மாடு நாளில் பாதி நேரம் பட்டியிலோ தொழுவிலோ அடைந்து கிடக்கிறது. அந்த இரவுச் சாணம் எங்கே போகிறது என்பதில்தான் வாயுவின் கணக்கு உண்மையில் தீர்மானமாகிறது என்பது என் முடிவு.

வண்டி போகாத சரிவுக்கு எருவைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்துதான் கொண்டுபோக வேண்டும். அதைவிட மாட்டையே நிலத்துக்கு ஓட்டிப் போய் அங்கே பட்டி போட்டு அடைத்தால், எருவை மாடே சுமந்து போய்க் கொட்டிவிடும். தமிழ்நாட்டில் இந்த அறிவு பரவலாக இருந்து வருகிறது. பர்கூர் மலையில் காட்டுப் பட்டிகளில் அடைக்கப்படும் செம்மறை மாடுகளின் சாணம் அடிவார உழவர்களுக்கு விற்பனையாகிறது. ராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் ஆட்டுக்கிடை போட்டுக் கூலி வாங்குகிறார்கள். தேனிப் பக்கம் மலைமாட்டுக் கிடைக்கு இன்றும் மதிப்பு உண்டு. இவற்றின் உயிர்நாடி இடம் மாற்றுவது. ஒரு துண்டு நிலத்தில் சில இரவுகள், பிறகு படலைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டு. சாணம் மெல்லியதாகப் பரவும், வெயிலில் உலரும், மூத்திரம் நேராக மண்ணில் இறங்கும், அடுத்த உழவில் எல்லாம் புரண்டுவிடும்.

ஒரே இடத்தில் அடைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் சான்று இருக்கிறது. கென்யாவின் மேய்ச்சல்காரர்கள் இரவில் மாட்டை அடைக்கும் முள்வேலித் தொழுக்களை 'போமா' என்கிறார்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் சாணம் அகற்றப்படாமல் அடுக்கடுக்காகச் சேர்கிறது. 2020இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, இந்தத் தொழுக்கள் இதுவரை யாரும் கணக்கில் எடுக்காத நைட்ரஸ் ஆக்சைடு ஊற்றுகள் என்றும், கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அவற்றிலிருந்து வாயு வருகிறது என்றும் காட்டியது. மேய்ச்சல் வெளியில் குறைவாக இருந்த அதே வாயு, தொழுவில் குவிந்து நிற்கிறது. நம் தக்காணத்திலும் பழைய காலத்தில் இப்படிச் சேர்ந்த சாணக் குவியல்கள் உண்டு. தெலங்கானாவின் உட்னூரில் 1957இல் ரேமண்ட் ஆல்ச்சின் அகழ்ந்த சாம்பல் மேடு, புதிய கற்கால மக்கள் மாடு அடைத்த பட்டியில் சேர்ந்த சாணம் எரிந்து உண்டானது. அந்த மாட்டுக்காரர்கள் சாணத்தை ஏன் வயலுக்குக் கொண்டுபோகாமல் எரித்தார்கள் என்பது தொல்லியலாளர்களின் விவாதம். நமக்கு இங்கே வேண்டியது, குவித்து வைத்த சாணமும் பரவிய சாணமும் மண்ணில் விட்டுச்செல்லும் தடம் ஒன்றல்ல என்பது.

குவியலைவிட மோசமானது தண்ணீரில் ஊறும் சாணம். மேய்ச்சலில் விழுந்த சாணத்தில் மீத்தேன் திறனில் ஒன்றரை விழுக்காடு போலத்தான் வெளியேறும் என்று 2006 வழிகாட்டி இதமான வெப்பநிலைக்குச் சொல்கிறது. 2019 திருத்தம் அதை அரை விழுக்காட்டுக்கும் கீழே இறக்கிவிட்டது. உலர்ந்த எருக்குவியலில் அது 4 விழுக்காடு. கொட்டகையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் குழியில் தேக்கினால், வெப்பமான சமவெளியில் 65 முதல் 80 விழுக்காடு. நம் 200 கிலோ மாட்டின் ஓராண்டுச் சாணம் முழுவதும் அப்படித் தேங்கினால் ஆயிரம் கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான மீத்தேன் வரும். அது ஏப்பத்தையும் மிஞ்சிய தொகை. மேய்ச்சலை நிறுத்தி மாட்டைக் கட்டிப்போட்டு வளர்த்தால் சூழலுக்கு நல்லது என்று பேசுகிறவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். சாண எரிவாயுக் கலன் அமைத்து அந்த மீத்தேனை அடுப்பில் எரித்தால் கதை மாறும். கலன் இல்லாத கொட்டகைக் குழி மேய்ச்சல் காட்டைவிடப் பல மடங்கு கேடு.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மாடு மேய்க்கத் தடை விதித்து, அதே மாதத்தில் அந்தத் தடையை தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் அளவுக்குச் சுருக்கியது. காட்டைக் காக்கும் நோக்கம் அதில் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். மேய்ச்சல் மூடப்பட்ட இடத்தில் மாடும் அதன் சாணமும் எங்கே போகும் என்ற கேள்வியும் அந்த விவாதத்தில் வர வேண்டும். விற்றுவிட்டால் எரு போய்விடும், கட்டிப்போட்டால் எரு குவியும்.

எரு போய்விட்டால் அந்த இடத்துக்கு வருவது யூரியா மூட்டை. கொல்லிமலையில் இது வெறும் ஊகமில்லை. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்த மேட்டுக்காடுகள் பல பத்தாண்டுகளாக மரவள்ளிக்கு மாறிவருகின்றன. சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குப் பணம் கொடுத்தன, சாமைக்குக் கொடுக்க யாருமில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காப்பாற்றவும், அவற்றைக் குத்திச் சுத்தம் செய்யும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவரவும் உழைத்திருக்கிறது. சிறுதானியம் போனால் தாளும் போகும். தாள் போனால் மாட்டுக்குத் தீவனமில்லை. மாடு குறைந்தால் பட்டியும் இல்லை.

அப்போது வாயுக் கணக்கு எப்படி மாறும்? இன்றைய 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. நம் ஒற்றை மாடு ஓராண்டில் கழிப்பதைவிடச் சற்றுக் குறைவு. 2019 வழிகாட்டியில் ஈரப் பகுதி நிலத்துக்கு ரசாயன உரத்தின் காரணி கிலோவுக்கு 16 கிராம், மேய்ச்சல் சாணத்துக்கு 6 கிராம். ஒரு மூட்டை யூரியாவின் நேரடி நைட்ரஸ் ஆக்சைடு 142 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடு. யூரியா மண்ணில் கரையும்போது அதிலுள்ள கரியமில வாயு விடுபடுவது இன்னொரு 33 கிலோ. அதே அளவு நைட்ரஜன் சாணமாகவும் மூத்திரமாகவும் விழுந்தால் 53 கிலோ. மறைமுகக் கணக்கை இரண்டு பக்கமும் சேர்த்தாலும் யூரியா 215 கிலோவைத் தாண்டும், எரு 105 கிலோவுக்குள் நிற்கும். உர ஆலையில் இயற்கை எரிவாயுவை எரித்து யூரியா தயாரிக்கும்போது வெளிவரும் வாயு இதில் சேரவில்லை.

மாட்டின் ஏப்பத்தை வைத்துப் பார்த்தால் இந்த மிச்சம் அதை ஈடுகட்டாது. ஒரு மாடு விடும் 729 கிலோவை ஒரு மூட்டை யூரியாவைத் தவிர்த்துச் சமன் செய்ய முடியாது, அப்படிச் சொன்னால் பொய். மாடு எருவுக்காக மட்டும் இருப்பதில்லை. உழவுக்கு, பாலுக்கு, அவசரத்துக்கு விற்றுப் பணமாக்க என்று பல வேலைக்கு இருக்கிறது. அப்படி இருக்கும் மாட்டின் சாணத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் மேலே சொன்ன எண்கள் தெளிவான விடை தருகின்றன.

இன்னொரு வேறுபாடு எந்த அட்டவணையிலும் வராது. மலையில் மேயும் மாடு புதிதாக நைட்ரஜன் எதையும் கொண்டுவருவதில்லை. மலையின் மண்ணிலும் மழையிலும் அவரை, துவரை போன்ற பயறுகளின் வேர்முடிச்சிலும் பிறந்த நைட்ரஜனைப் புல்லிலிருந்து எடுத்து அதே மலைக்குத் திருப்புகிறது. புல் அங்கேயே மக்கியிருந்தாலும் அதில் ஒரு பங்கு வாயுவாகியிருக்கும். அடிவாரத்து நாமக்கல் முட்டைப் பண்ணைகளின் கோழி எரு அப்படியில்லை. பீகாரின் மக்காச்சோளத்திலும் மத்தியப் பிரதேசத்துச் சோயாவிலும் வந்த நைட்ரஜன் கோழி வழியாக இந்த மாவட்டத்தில் வந்து இறங்குகிறது. யூரியா மூட்டை அதைவிடத் தெளிவான வெளி வரவு. இரண்டும் மண்ணில் உள்ள நைட்ரஜனின் மொத்த அளவைக் கூட்டுகின்றன. பட்டி கூட்டுவதில்லை, இடம் மாற்றுகிறது. மேய்ச்சல் காட்டிலிருந்து வயலுக்கு மாற்றிக்கொண்டே போனால் ஒருநாள் காடு மெலியும் என்பதும் உண்மை. உண்ணிச்செடி மண்டிய சரிவுகளில் புல்லே இல்லாதபோது இந்தச் சுழற்சி ஏற்கெனவே அறுந்திருக்கிறது. புல்லை மீட்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்த வேலை.

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே இன்னொரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. காங்கேயம் பகுதியின் கொறங்காடு: முள்கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப்புல், வேலிக்குள் சுழற்சி முறையில் மேயும் காங்கேயம் மாடு. மழை குறைந்த பூமியாதலால் அது 2 கிராம் பிரிவில் வரும். கொல்லிமலைச் சரிவு, கொல்லிமலைப் பட்டி, கொறங்காடு, சமவெளிக் கொட்டகைக் குழி ஆகிய நான்கையும் ஒரே ஆண்டில், இரண்டு பருவமழையையும் உள்ளடக்கி, வாரந்தோறும் மூடு கலம் வைத்து அளந்தால் தமிழ்நாட்டுக்கென்று ஒரு காரணி வரிசை கிடைக்கும். அதற்கு வேண்டியவை தகரக் கலங்கள், ஊசிக்குழாய்கள், ஒரு வாயு நிறப்பகுப்புக் கருவி, மண் ஈரம் அளக்கும் கோல், மாடு மேய்க்கிறவர்களின் ஒத்துழைப்பு. நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இதே மாவட்டத்திலேயே இருக்கிறது. 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் இதைத் தன் வேலைத்திட்டத்தில் சேர்க்கலாம். அளக்கும்போது சாணத்தையும் மூத்திரத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பட்டி மாறிய துண்டில், மாறிய மறுநாளிலிருந்து அடுத்த உழவு வரை விடாமல் தொடர வேண்டும். பக்கத்துத் துண்டில் யூரியா போட்ட மரவள்ளியையும் அதே நாள்களில் அளக்க வேண்டும்.